முந்தின ஸ்டேஷன்

பெங்களூர் மெஜஸ்டிக்கில் பூமிக்கு அடியில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷனில் நீங்கள் நடந்திருந்தால் என் வேலையின் மேல்தான் நடந்திருக்கிறீர்கள். முழுக்க நான் போட்டது என்று சொல்லமாட்டேன். பல கான்ட்ராக்டர்கள், அவர்களுக்குக் கீழே பல மேஸ்திரிகள். ஆனால் வண்டி வந்து நிற்கும் மேடையில் ஒரு பாதியும், அங்கிருந்து மேலே ஏறும் இடமும் என் ஆட்கள் என் கண் முன்னால் பதித்த கல். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினான்கு வயதில் இந்த ஊருக்கு வந்து மணல் கூடை சுமந்தவன். லேசர் வைத்து மட்டம் பார்க்கிற இன்ஜினியர்கள் "ஓகே மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஒரு நடை நடப்பேன். இரண்டு கல் சேரும் இடத்தில் நகத்தளவு ஏற்றம் இருந்தால்கூட உள்ளங்கால் சொல்லிவிடும். அப்படி அவர்கள் ஓகே சொன்ன நான்கு கல்லை நான் பெயர்த்து மறுபடி போட்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்தேன்.

கட்டி முடித்து ஊரே அதில் போய்வர ஆரம்பித்த பிறகும் எனக்கு அங்கே சும்மா நிற்க வராது. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் கேட்டும் இருக்கிறார்கள். "தொலைக்கலம்மா, இது நான் போட்டது" என்பேன். சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

உண்மையாகவே அங்கே ஒரு நாள் தொலைத்தேன். என் அக்காவை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தோல் தைத்தவள். சர்க்கரை வியாதியில் ஒரு கண் போய்விட்டது. மிச்சம் இருந்த கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிகிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், தள்ளிப்போட்டால் இதுவும் போய்விடும் என்று ஆம்பூர் டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கண்ணில் அப்போதே அவளுக்கு ஆள் நிழலாகத்தான் தெரிந்தது. "நீ இங்க வா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் வரவழைத்தேன். பெங்களூரில் பெரிய கண் ஆஸ்பத்திரி. அந்த ஊசி போடுகிற பெரிய டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார். பதினோரு மணிக்கு வரச் சொல்லி எங்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

காலையில் என் மகன், "அப்பா, கேப் புக் பண்ணிடறேன். நேரா ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுடுவான்" என்றான்.

"மெஜஸ்டிக் ட்ராஃபிக்ல அவன் போய் எறக்கறதுக்குள்ள டாக்டர் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கிடுவாரு. மெட்ரோல அரை மணி நேரம். நான் போட்ட தரை மேல கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அக்கா இட்லியைப் பிட்டபடியே சொன்னாள்: "கண்ணு தெரியாதவள இட்டுனு போயி தரைய காட்டப் போறானாம். ரயில்லருந்து எறங்கினதுலருந்து இவன் தரைய பத்தியேதான் பேசினு இருக்கான்."

"ஒரு நாள் கேட்டதுக்கே இப்பிடி சொல்றீங்களே அண்ணி" என்றாள் என் மனைவி. "என் பொழப்ப நெனச்சுப் பாருங்க."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து பாஷை பேசுகிறவன், இந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவன், எனக்கு எதற்குக் கேப்?

நாங்கள் இருப்பது ஸ்ரீராமபுரத்தில். அங்கே வண்டி பாலத்தின் மேலே ஓடும். அதற்கு அடுத்த ஸ்டேஷனைத் தாண்டியதும் சரிந்து இறங்கிப் பூமிக்குள் நுழையும். ஜன்னலில் வெளிச்சம் போனதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னாடா, கரண்டு போச்சா?"

"இல்லக்கா, பூமிக்குள்ள போறோம்."

"எனக்கு மேலயும் இருட்டுதான், கீழயும் இருட்டுதான். இதுக்குப் போய் டிக்கெட் வாங்கினியே" என்றாள். பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டாள்.

எங்கள் திட்டம் இதுதான். மெஜஸ்டிக்கில் இறங்கி, அடுக்கு மாறி, வேறு கோட்டில் ஓடும் வண்டியைப் பிடித்து மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கினால் ஆஸ்பத்திரி. மெஜஸ்டிக் வந்தது. "எழுந்திரிக்கா, நம்ம எடம் வந்துடுச்சு" என்று சொல்லி அவளைக் கதவு வரை கூட்டிவந்தேன். கதவு திறந்தது.

இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் கையை நான்தான் விட்டேன். முதலில் இறங்கி, கதவுக்கு நேர் கீழே இருந்த கல்லைப் பார்த்தேன். அந்த இடம் என் வேலை. ஓரத்தில் ஒரு கறை தெரிந்தது, எண்ணெயா காப்பியா என்று காலால் தேய்த்துப் பார்த்தேன். அவ்வளவுதான். இரண்டு மூச்சு விடும் நேரம். அதற்குள் ஏறுகிற கூட்டம் எனக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்துவிட்டது. நிமிர்ந்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நடுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று நினைத்து யாரோ ஒருவரின் தோளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். வண்டி போய்விட்டது.

போனை எடுத்தேன். அவளிடம் பொத்தான் போன்தான் உண்டு. நல்ல வேளை, எடுத்தாள்.

"அக்கா! நான் மெஜஸ்டிக்லயே நின்னுட்டேன்! முந்தின ஸ்டேஷன்ல எறங்கி நில்லு! அங்கயே நில்லு, நான் வர்றேன்! முந்தின ஸ்டேஷன்! கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. செவுடி இல்ல நான், குருடிதான். கத்தாத" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

நான் சொன்னது சிக்பேட்டையை. மெஜஸ்டிக்கை விட்டால் வண்டி போய் நிற்பது அங்கேதான். அடுத்த வண்டி வர ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் மேடையை எத்தனை தடவை அளந்தேனோ தெரியாது. மணி பத்தே முக்கால். ஏறினேன், கதவை ஒட்டியே நின்றேன், கதவு பாதி திறக்கும்போதே பக்கவாட்டில் திரும்பி வெளியே பாய்ந்தேன்.

சிக்பேட்டையில் மேடை ஒன்றுதான். அதன் இந்தப் பக்கத்தில் ஒரு திசைக்குப் போகும் வண்டி, அந்தப் பக்கத்தில் திரும்பி வரும் வண்டி. நான் இறங்கியபோது அந்தப் பக்கத்து வண்டி மெஜஸ்டிக்கை நோக்கிக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவைத் தேடி மேடையின் ஒரு முனைக்கு ஓடினேன். இல்லை. மறு முனை. இல்லை. பெஞ்சுகள், தூண்களின் பின்பக்கம், லிஃப்ட் வாசல், எங்கும் இல்லை. போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி.

நடுவில் என் மனைவி கூப்பிட்டாள். "போய் சேந்துட்டீங்களா?"

"சேந்துட்டோம்" என்றேன்.

"அண்ணிகிட்ட குடுங்க."

"உள்ள போயிருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐம்பது வருஷத்தில் அவளிடம் நான் பொய்யே சொன்னதில்லை என்று எழுதினால் அதுவும் பொய். 

மேடையில் காவலுக்கு ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். யூனிஃபார்ம், கையில் வாக்கி-டாக்கி. என் ஓட்டத்தைப் பார்த்து அவளே கிட்டே வந்து கன்னடத்தில், "ஏனாயித்து ஸார்?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டதுதான், எல்லாவற்றையும் கன்னடத்தில் ஒரே மூச்சில் கொட்டினேன். வயசானவள், கண் தெரியாது, தனியாக வண்டியில் போய்விட்டாள், இங்கே இறங்கி நிற்கச் சொன்னேன், இல்லை.

"யாவ பண்ணத சீரே?" என்றாள்.

என்ன நிறத்தில் புடவை?  கிரானைட்டில் ஒரே குவாரியிலிருந்து வந்த இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் நிற வித்தியாசத்தைச் சொல்லிவிடுவேன். காலையிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் புடவை பச்சையா நீலமா என்று தெரியவில்லை. "அய்யோ, ஏதோ ஒண்ணு கட்டியிருந்தா" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

அவளும் உடனே தமிழுக்கு மாறினாள். "தமிழாய்யா நீங்க? நான் அத்திபெலேங்க, பார்டர் பக்கம். பதறாதீங்க. அவங்களுக்கு நீங்க இன்னா சொன்னீங்க, அத அப்பிடியே சொல்லுங்க."

"முந்தின ஸ்டேஷன்ல எறங்கி நில்லுன்னு சொன்னேன்மா."

"தமிழ்லயா சொன்னீங்க?"

"பின்ன? அவளுக்கு வேற என்ன தெரியும், ஆம்பூர்லருந்து வந்தவ."

அந்தப் பெண் நெற்றியில் கையை வைத்தாள். "ஐயா, ஆம்பூர்க்காரங்களுக்கு முந்தின ஸ்டேஷன்னா எது? முந்தின நாளுன்னா நேத்து. அப்போ முந்தின ஸ்டேஷன்னா தாண்டி வந்தது. அவங்க மெஜஸ்டிக்குக்குத் திரும்பிப் போயிருப்பாங்கய்யா!"

  இந்த ஊரில் வண்டிக்குள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு குரல் "முந்தின நில்தாண" என்று சொல்லும். நில்தாண என்றால் ஸ்டேஷன். கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்த. முந்தின வாரம் என்றால் வரப்போகிற வாரம். பஸ்ஸில், வேலை செய்யும் இடத்தில், ஆபீஸ்களில், ஐம்பது வருஷமாகக் காதில் விழுந்து விழுந்து அந்த ஒரு சொல் எனக்குள் திரும்பிப் படுத்துக்கொண்டுவிட்டது. பின்னால் இருந்தது முன்னால் போய்விட்டது. எனக்குத் தெரியவே இல்லை. ஐந்து பாஷை தெரியும் என்று மார்தட்டுகிறவன், சொந்த பாஷையில் சொந்த அக்காவுக்கு வழி சொல்லத் தெரியாமல் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான் இங்கே வந்து நிற்கிறேன்.

"நானே வேலைக்கு சேந்த புதுசுல இப்பிடித்தான் ஒருத்தர தப்பா அனுப்பிட்டேன்" என்றாள் அந்தப் பெண். வாக்கி-டாக்கியில் மெஜஸ்டிக்குக்குச் சொன்னாள்: வயதான அம்மா, தமிழ், கண் தெரியாது, புடவை நிறம் தெரியாது. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. புண்ணியவதி.

மெஜஸ்டிக்குக்குத் திரும்பும்போது மணி பதினொன்று ஐந்து. அங்கே காவலுக்கு நின்றவர், "அப்படி யாரையும் பார்க்கவில்லை, தேடுகிறோம்" என்றார். என்னை ஒரு இடத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு உட்கார முடியுமா? கீழடுக்கு மேடை, மேலடுக்கு மேடை, டிக்கெட் கேட், மறுபடி கீழே. நகரும் படியில் நிற்கப் பொறுக்காமல் அதன் மேலேயே ஏறி ஓடினேன். எழுபது வயதில் அப்படி ஓடியதை இங்கே பெருமையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அப்போது பெருமை இல்லை. அந்தப் பெரிய இடத்தில் என்னைச் சுற்றி ஆயிரம் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. சுவரெல்லாம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இந்தியிலும் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறது. எனக்குத் தமிழ் எழுத்தைத் தவிர வேறு தெரியாது. அம்பு மட்டும் தெரியும். என் தரையை நம்பித்தான் இத்தனை நாள் அங்கே நடந்தேன். தரை ஆளைக் காட்டித் தருவதில்லை.

பதினொன்று இருபது. பதினொன்று இருபத்தைந்து. அவள் தடத்துக்கு மிக அருகில் போய் நின்றிருந்தால்? படியில் கால் தவறியிருந்தால்? அப்படி ஒன்றும் ஆகாவிட்டாலும் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் போய்விடுவார், ஊசி அடுத்த வாரத்துக்குப் போய்விடும், அந்தக் கண் அடுத்த வாரம் வரை இருக்குமா?

போன் அடித்தது. அக்கா.

"டேய், எங்கடா சுத்தினு இருக்க?"

"நீ எங்கக்கா இருக்க!"

"ஆஸ்பத்திரில. கண்ணுல சொட்டு மருந்து வுட்டு குந்த வச்சிருக்காங்க. ஊசி போடணும்னா கூட வந்தவங்க கையெழுத்து போடணுமாம். சீக்கிரம் வா. டாக்டரு கெளம்பிடுவாராம்."

 "எப்பிடிக்கா போன?"

"நீ சொன்ன முந்தின ஸ்டேஷனுக்கு திரும்பி வந்தேன். ஒரு பாயம்மா கைய புடிச்சி வண்டி மாத்தி ஏத்தி கூடவே வந்தாங்க. நின்னேன், நின்னேன், உன்னக் காணோம். உனக்காவ நிக்கலாம், என் கண்ணு நிக்குமா? அந்தம்மாகிட்ட இன்ன ஆஸ்பத்திரின்னேன். வாங்க ஆப்பான்னு இட்டாந்து வாசல்லயே வுட்டுட்டுப் போனாங்க. அவங்களோட பேசினே வந்ததுல போனு அடிச்சது கேக்கல. மீதிய வந்து கேளு. ஓடியா!"

ஆப்பா என்றால் உருதுவில் அக்கா. ஆம்பூரில் முஸ்லிம் முதலாளிகளின் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு உருது தெரியாமல் இருக்குமா? அதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத் தமிழைத் தவிர என்ன தெரியும் என்று காவல்காரப் பெண்ணிடம் சொன்னவன் நான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. அக்கா சக்கர நாற்காலியில், பச்சைத் தொப்பி மாட்டி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஒரு அட்டையில் காகிதத்தை நீட்டி, "இங்கே, இங்கே, இங்கே" என்று மூன்று இடத்தில் பேனாவால் தொட்டுக் காட்டினாள். வாழ்நாளில் நான் போடாத கையெழுத்தா? இங்கிலீஷில் அச்சடித்த எத்தனையோ காகிதத்தில் போட்டிருக்கிறேன். படிக்கிறவன் மாதிரி மேலிருந்து கீழே ஒரு தடவை பார்ப்பேன், தலையை ஆட்டுவேன், போடுவேன். யாருக்கும் இதுவரை சந்தேகம் வந்ததில்லை.

அன்றைக்குப் பேனா கையில் நின்றுவிட்டது. காலையிலிருந்து ஒரே ஒரு சொல் என்ன செய்தது என்று பார்த்துவிட்டு வந்தவன். "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதும்மா. ஒவ்வொரு வரியா படிச்சு தமிழ்ல சொல்லு" என்றேன். சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்ஸுக்குப் பாதித் தமிழ்தான் வந்தது. ஊசியால் கண்ணில் சீழ் பிடிக்கலாம், அபூர்வம். அழுத்தம் ஏறலாம். பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இருக்கும் பார்வையும் போனாலும் போகலாம், அதுவும் அபூர்வம். அந்த வரியை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டேன்.

"போடுடா!" என்றாள் அக்கா. "எல்லாம் எனக்கு மொதல்லயே சொல்லிட்டாங்க, உருதுல. உனக்கு புரியறதுக்குள்ள அவரு கார்ல ஏறிடப்போறாரு."

போட்டேன். தமிழில், மூன்று இடத்திலும். நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

உள்ளே கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்று பின்னால் சொன்னார்கள். நான் அந்த நடையில் நடந்துகொண்டே இருந்தேன். தரை எப்படிப் போட்டிருந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை. "தாத்தா, உட்காருங்க, தலை சுத்துது எங்களுக்கு" என்று நர்ஸ் இரண்டு தடவை அதட்டினாள். கண்ணில் வெள்ளைக் கட்டோடு அக்கா வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வீட்டு வாசல் வரைக்கும் விடவில்லை, வலிக்கிறது என்று அவள் உதறினாலும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். சின்ன டாக்டர் ஒருவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து விரல்களைக் காட்டினார். "அம்மா, எத்தனை?"

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். 

"மூணு" என்றாள். பிறகு, "ஒண்ணுல மோதிரம். கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" என்றாள்.

டாக்டர் சிரித்தார். நேற்றைவிடத் தெளிவு இருக்கிறது, ஆனால் இதோடு முடியவில்லை, மாசம் ஒன்றாக இன்னும் இரண்டு ஊசி போட வேண்டும் என்றார். அக்கா தேதியைக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அடுத்த ஊசிக்கு நீ வராத. எனக்கு வழி தெரியும். வந்தா உன்னத் தேடறதுக்கு ஒரு ஆளு வேணும்."

 அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவள் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு கூடவே போனேன். இரண்டு தடவையும் அவள்தான் முன்னால் நடந்தாள்.